ஒன்று, இரண்டு, இரண்டு, ஐந்து

பட்டறையில் அவருக்கு மில்லிகிராம் என்று பெயர். மருந்துக் கடைகள், ஆய்வுக்கூடங்கள், நகைக்கடைகள் அனுப்பும் தராசுகளைப் பிரித்துத் துடைத்துச் சரிசெய்வது அவர் வேலை. இருபத்தெட்டு வருடம் அதே ஜன்னலோரம், அதே முக்காலி. ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள், இரண்டு மில்லிகிராம் எடைத்தகட்டைச் சின்ன இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்கப்போனார். தகடு தட்டின் விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்தார். மறுபடியும் விழுந்தது.

"இந்தக் கை நடுக்கம் நிக்காது," என்றார் டாக்டர். "மாத்திரையால கொஞ்சம் தள்ளிப் போடலாம். ரெண்டு வருஷம், மூணு வருஷம். அப்புறம் நுணுக்க வேலையெல்லாம் கஷ்டம்."

முதலாளியிடம் சொன்னால் அன்றைக்கே முக்காலி போய்விடும் என்று அவர் நினைத்தார். மனைவியிடம் மட்டும் சொன்னார். கை ஓய்வதற்குள், கை தேவைப்படாத ஒரு பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். அவர் கண்டுபிடித்தது அந்நியச் செலாவணி வியாபாரம். ஒரு நாட்டுப் பணத்தை இன்னொரு நாட்டுப் பணத்துக்கு வாங்கி, விலை ஏறினால் விற்பது. ஒரு கைபேசியும் ஒரு விரலும் போதும்.

அவசரப்படவில்லை. மாதாமாதம் இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று செய்தி அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கைபேசியில் தடைசெய்தார். ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் உரிம எண் உண்மைதானா என்று அரசு அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் போட்டு விசாரித்தார். பிறகு பதினான்கு மாதம் பயிற்சிக் கணக்கில் மட்டும் வியாபாரம் செய்தார். அதில் விலை நிஜம், பணம் பொய்.

வங்கியில் கவுண்டரில் உட்காரும் மைத்துனன் வீட்டுக்கு வந்தால் இதைத்தான் பிடித்துக்கொள்வான்.

"என்ன அத்தான், பொம்மைக் காசுல இந்த மாசம் எவ்வளவு?"

"ரெண்டு பர்சென்ட்."

"அப்படியே பொம்மைக் கடையில ஒரு மூட்டை அரிசி எடுத்துட்டு வந்துடுங்க. அக்கா பொம்மை அடுப்புல பொங்கிப் போடுவா."

"போடா டேய்," என்பாள் அக்கா. "உன்னை மாதிரி பார்க்காம கையெழுத்துப் போடுற ஆளா அவரு?"

பணம் அவளுடையது. அவள் தைத்துக்கொண்டிருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையை மூடியபோது கணக்கு முடித்துக் கொடுத்த தொகை. அதை நான்கு பங்காக்கினார்கள். ஒரு பங்கு வியாபாரத்துக்கு. மற்ற மூன்றும் மைத்துனனின் வங்கியில் மூன்று தனித்தனி வைப்பு ரசீதாக. அவர் கை ஓய்ந்தபின் வீட்டு வாடகைக்கு அவைதான்.

"பதினேழு வருஷம் காலர் தச்ச காசுங்க இது," என்றாள். "பார்த்து."

பார்த்துத்தான் செய்தார். கையிருப்பைப் போல நூறு மடங்குவரை கடனில் வாங்க நிறுவனம் அனுமதித்தது. அவர் மூன்று மடங்கைத் தாண்டமாட்டார். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் நிறுத்த விலை ஒன்றைக் குறித்துவைப்பார். விலை அதுவரை இறங்கினால் கணினியே விற்றுவிடும். நூற்றில் ஒரு பங்கோடு நஷ்டம் நின்றுவிடும். வட்டி விகிதம் அறிவித்து விலை துள்ளும் நாட்களில் கைபேசியைத் தொடுவதில்லை. நிஜப் பணத்தில் ஐந்து மாதம் இப்படி ஓட்டினார். பெரிய லாபமில்லை. ஆனால் ஒரு மாதமும் கணக்கு இறங்கவில்லை. பால்காரருக்கும் மின்சாரத்துக்கும் அதிலிருந்து கொடுத்த மாதம், அவள் அவரைக் கொஞ்சம் புதிதாகப் பார்த்தாள்.

ஒரு புதன்கிழமை பவுண்டு வாங்கி வைத்திருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் பவுண்டின் நாட்டில் ஓர் அமைச்சர் பதவி விலகினார். எந்த அட்டவணையிலும் இல்லாத செய்தி. விலை சரிந்தது, எழுந்தது, சரிந்தது, எழுந்தது. பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகில் நின்று அவர் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறியதாக இருந்தது.

இருபத்தெட்டு வருடமாக அவர் பார்த்துவந்ததும் இதுதான். தராசு முள் ஆடும். ஆட்டம் குறுகக் குறுக, அது நிற்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது கை வைப்பவன் வேலை தெரியாதவன். விலை நிறுத்த விலைக்கு மூன்று புள்ளி மேலே ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் நிறுத்த விலையை நீக்கினார்.

முள் நிற்கவில்லை. விலை இறங்கியது.

ஒரு தட்டு தாழ்ந்தால் எதிர்த்தட்டில் எடை சேர்க்க வேண்டும், சமநிலை வரும்வரை. எடைப்பெட்டியில் உள்ள வரிசையும் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஒன்று, இரண்டு, இரண்டு, ஐந்து. முதலில் வாங்கிய அளவை ஒன்று என்று வைத்துக்கொண்டார். குறைந்த விலையில் இரண்டு வாங்கினார். இன்னும் இறங்கியதும் இரண்டு. சாயங்காலம் பஸ்ஸில் ஐந்து. பதற்றமே இல்லை, இவ்வளவு நிதானமாக எதையும் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. எல்லா எடையையும் ஒரேயடியாக வைக்கிறவன்தானே அவசரக்காரன்.

வியாழன் காலை நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. கணக்கில் பணம் போதவில்லை. போடாவிட்டால் எல்லாவற்றையும் அவர்களே விற்றுவிடுவார்கள். பதினொரு மணிக்கு வங்கியில் நின்றார்.

"முதல் ரசீதை உடைக்கணும் மாப்ள."

"எதுக்கு அத்தான் திடீர்னு?"

"கொஞ்சம் தேவை."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் பெயரில் அவர் சொன்ன முதல் பொய். மைத்துனன் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினான். கையெழுத்து நடுங்கி இருந்தது. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினான்.

பணம் போய்ச் சேர்ந்ததும் பத்து வாங்கினார். இரண்டரை மணிக்கு மறுபடியும் வங்கி. இந்த முறை மைத்துனன் எழுந்து வெளியே வந்தான்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்க. என்ன நடக்குது?"

"நிக்கப்போகுதுடா. இன்னும் கொஞ்சம்தான்."

"எது நிக்கப்போகுது?"

அவர் இரண்டாவது ரசீதை நீட்டினார். மைத்துனன் கொடுக்க மறுத்திருக்கலாம். ரசீது இருவர் பெயரிலும் இருந்தது; யார் வந்தாலும் எடுக்கலாம் என்று அக்காதான் எழுதிக் கொடுத்திருந்தாள். கொடுத்தான். ஐந்து மணிக்குள் நிறுவனம் எல்லாவற்றையும் விற்று முடித்திருந்தது. திரையில் மிஞ்சிய தொகை திரும்பிப்போகும் ஆட்டோவுக்குச் சரியாக இருக்கும். அவர் நடந்து போனார்.

மைத்துனன் முன்பே போன் செய்திருந்தான். அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு மிச்சம்?"

"ஒரு ரசீது."

"நிறுத்த விலைன்னு ஒண்ணு வச்சிருப்பேன், அதுக்குக் கீழ போகாதுன்னு சொன்னீங்களே?"

"எடுத்துட்டேன்."

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"சாப்பிடுங்க," என்றாள். தட்டு வைத்தாள். எதிரே உட்காரவில்லை. அடுத்த பதினோரு நாளும் உட்காரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஊசி, நூல், அளவு நாடா மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தையல் கூடத்துக்கு வேலை கேட்டுப் போனாள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அவளைச் சோதித்துப் பார்த்த மேற்பார்வைக்காரிக்கு இருபத்துமூன்று வயது.

அன்றைக்கு அவர் முதலாளியின் அறைக்குள் போனார். இனி மறைத்துப் பயனில்லை. ஆறு மாதம் கழித்து மானம் கெட்டு வெளியேறுவதைவிட, இப்போதே சொல்லி வேறு ஏதாவது வேலை கேட்கலாம்.

"முதலாளி, எனக்குக் கை நடுங்குது."

"தெரியும். உக்காருங்க."

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஒரு வருஷமா. நீங்க போனப்புறம் உங்க தராசையெல்லாம் நான் இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் முத்திரை வைக்கிறேன்." முதலாளி மேசையில் கிடந்த திருப்புளியை நகர்த்தி வைத்தார். "நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன் மில்லிகிராம். கணக்கு எழுதுற இடத்துல ஆள் வேணும்னு அப்ப இருந்துச்சு. போன மாசம்தான் ஒருத்தரைப் போட்டேன்."

அவர் தலையாட்டினார்.

"இப்ப வண்டியில போய்த் தராசு எடுத்துட்டு வர்ற வேலைதான் இருக்கு. சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல வரும்."

"சரி." எழுந்தவர் கதவருகில் நின்றார். "நான் பார்த்ததுல தப்பு இருந்துதா?"

"மூணுல."

"எந்த மூணு?"

முதலாளி சொன்னார். ஒன்று நகைக்கடை, ஒன்று கல்லூரி ஆய்வுக்கூடம். மூன்றாவது, குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மருந்தகத் தராசு. அதில் எவ்வளவு பிசகு என்று கேட்டார். நாலு மில்லிகிராம் என்றார் முதலாளி. அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, வண்டிச் சாவி எங்கே இருக்கும் என்று கேட்டார்.