ஈரம் படாத செருப்பு

ஷேக் அலாவுதீன் குனிந்து ஒரு செருப்பின் உட்புறத்தை விரலால் தடவுகிறார். பிறகு அடுத்ததை. மதரஸா வாசலில், கூரைக்கடியில் கிடக்கும் ஏழு ஜோடியும் அங்கே பாடம் நடத்தும் ஏழு உஸ்தாதுகளுடையவை. ஏழும் சூலியா தெருவில் உள்ள தம் கடையில் அவர் கையால் தைத்தவை. எவருக்குக் குதிகால் தேயும், எவருக்கு வார் அறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். ஹதீஸும் மார்க்கச் சட்டமும் நடத்துகிற ஆலிம்களைக் கண்காணிக்கும் பொறுப்பை நிர்வாக சபை இவரிடம் கொடுத்தபோது ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "எனக்கு எழுத்துத் தெரியாதுலா. செருப்பு தெரியும்" என்றார். சொல்லாமல் மூன்று நாள் வகுப்பை விட்டவர் யாரானாலும் பெயரை நீக்குவது என்ற விதியும் அவர் கேட்டு வாங்கியதுதான்.

கமால் உஸ்தாது மெத்தப் படித்தவர். சபைத் தலைவர் அப்துல் ஹமீது முதலாளியின் மருமகன். அவர் செருப்புதான் தினமும் முதலில் வந்து கிடக்கும். மழை கொட்டிய ஒரு காலையில் மற்ற ஆறு ஜோடியும் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, அது மட்டும் அப்பளம் போலக் காய்ந்திருந்தது. மேல்வகுப்பில் இருபது மாணவர்கள் கிதாபைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார்கள். முந்தின இரவே அதை வாசலில் விட்டுப்போன உஸ்தாதோ வேறு செருப்பு மாட்டிக்கொண்டு கோப்பிக் கடையில் இருந்தார்.

"உஸ்தாதே, செருப்பா பாடம் நடத்தும்?" என்று அலாவுதீன் அவரைத் தனியாக அழைத்துக் கேட்டார். இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறையும் அவர் வகுப்பை விட்டதும் விஷயம் சபைக்கு வந்தது.

"இவன் பேர அடிச்சா, நான் குடுத்த கட்டடத்தையும் பூட்டிருவேன், ஷேக்கு. உம்ம மேல்வகுப்பு ரோட்டுலதான் நடக்கும்" என்றார் முதலாளி.

பூட்டினால் இருபது பேர் படிப்பு அம்போதான் என்று அலாவுதீனுக்குத் தெரியும். ஆனாலும் முதலாளியை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"ரோட்டுல உக்காந்தும் ஓதலாம் முதலாளி. உஸ்தாது இல்லாம எப்படி ஓதுறது?"

சபையில் இருந்த பெரிய பெரிய தலைப்பாகைகளெல்லாம் தரையைப் பார்த்தன. செருப்பு தைக்கிறவருக்கு இத்தனை நெஞ்சுரத்தை அல்லாஹ் எங்கே வைத்துக் கொடுத்தான் என்று மலைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள். பெயரை நீக்குவதற்கு ஆதரவாக ஒரு கை மெல்ல உயர்ந்தது. பிறகு மற்றக் கைகளும் உயர்ந்தன.

நீக்க உத்தரவு எழுதி வாசிக்கப்பட்டது. கண்காணிப்பாளர் கைநாட்டு வைத்தால்தான் அது செல்லும். முதலாளி மைப்பெட்டியை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

அலாவுதீன் மைப்பெட்டியைத் தரச் சொல்லிக் கேட்கவில்லை. காலையில் தோலுக்குப் பூசிய கறுப்புச் சாயம் கட்டைவிரலில் அப்படியே இருந்தது. குவளைத் தண்ணீரில் அதை நனைத்து, காகிதத்தின் மேல் அழுத்தி ஊன்றினார்.