ஓடைக்கு இடம் விட்ட மல்லிகா

ஏலக்காய் ஏல மையத்தில் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்வத்தின் போன் வந்தது. செல்வம், மல்லிகாவின் கணவர். "அண்ணே, மதுரை ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். மல்லிகா காலையில போயிட்டா" என்றார். உடம்பு சரியில்லை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. பக்கத்து வியாபாரி என்னவென்று கேட்டார். "நம்ம ஊர வரைஞ்ச அம்மா போயிருச்சு" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. போடியில் இப்படிச் சொன்னால் புரியாதவர்கள் குறைவு.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நகரமைப்பு அலுவலராக வந்து, ஊருக்கான புதிய நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்தவர். எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வரலாம், எதை வயலாகவே விட வேண்டும் என்று மஞ்சள், நீலம், பச்சை பூசிக் காட்டும் பெரிய வரைபடம் அது. அவரோடு இந்த ஊரில் அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான். அப்போது நான் கவுன்சிலர். ஏலக்காய் வியாபாரம் உண்டு, மலையில் சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. சண்டை இல்லாத நாளில் அவரைத் 'தாயி' என்பேன், சண்டை நாளில் 'மேடம்' என்பேன். மேடம் என்று கூப்பிட்ட நாட்களே அதிகம்.

மல்லிகா போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரர். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். அப்பா பௌத்தம் தழுவி, தினமும் பஞ்சசீலம் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ஊர் வரைபடத்தை விரித்துக் காட்டினார்களாம். கோயில் இருந்தது, கண்மாய் இருந்தது, களம் இருந்தது. மல்லிகாவின் தெரு இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. "அந்த வெள்ளையிலதாண்ணே நாங்க சமைச்சோம், சாப்பிட்டோம், சண்ட போட்டோம்" என்று சிரித்தபடி சொன்னார். நகரமைப்பு படிக்கப் போனதே அதனால்தான். அந்தத் தெருவில் பிறந்த பெண் போட்ட கோட்டுக்குள்தான் இன்று போடி வீடு கட்டுகிறது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

முதல் சந்திப்பிலேயே எனக்கு மூக்கு உடைந்தது. புது அதிகாரியைப் பார்க்கப் போகிறோமே என்று முதல் தரக் காயில் ஒரு பொட்டலம் கொண்டு போயிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்து, ஒரே ஒரு காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். "கொடுக்காதத எடுக்கக் கூடாதுங்கிறது எங்க சீலம்ணே" என்றார். நான்தான் கொடுக்கிறேனே என்றேன். "எனக்கா கொடுக்குறீங்க? இந்த நாற்காலிக்குல்ல கொடுக்குறீங்க" என்றார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவர் மேசையில் புத்தர் படம் இருக்காது. கேட்டால், அரசாங்க மேசை எல்லாருக்கும் பொது என்பார். அவருடைய பௌத்தம் முழுவதும் ஒரு கேள்வியில் இருந்தது. ஓர் இடத்துக்கு நிறம் பூசும் முன்பு, "இந்த நிறத்தால யாருக்கு வலிக்கும்?" என்று கேட்பார். வலிப்பது மனிதருக்கு மட்டும்தான் என்று அவர் நினைக்கவில்லை. ஓடைக்கும் கேட்பார், வயலில் நிற்கும் கொக்குக்கும் கேட்பார். அலுவலகத்தில் சிலர் அதைக் கேலி செய்தார்கள். நானும் செய்தேன்.

எங்கள் சண்டை ஓர் ஓடையால் வந்தது. குரங்கணி போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் எனக்கு ஒரு நிலம் இருக்கிறது. அதன் நடுவே ஓர் ஓடை. பாதி வருடம் வெறும் மணல்தான்; மழைக்காலத்தில் மலைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். ஓடையைக் குழாய்க்குள் அடக்கி, மண் கொட்டி மேடாக்கி, காய் உலர்த்தும் ஸ்டோரும் குடோனும் கட்ட நினைத்திருந்தேன். அதற்கு என் நிலம் வரைபடத்தில் நீலமாக வேண்டும். மல்லிகா பச்சை பூசியிருந்தார்.

"பட்டா என் பேர்ல இருக்கு மேடம்" என்று போய் நின்றேன்.

"பட்டா தாலுகா ஆபீசு கொடுத்தது. ஓடை கொடுத்துச்சா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு, ஓடைக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் தெரு இருப்பதையும், மேலே மண் கொட்டினால் தண்ணீர் அந்த வீடுகளுக்குள் புகும் என்பதையும் வரைந்தே காட்டினார். மறுத்ததோடு நிற்கவும் இல்லை. தேனி சாலைப் பக்கம் மூடிக் கிடந்த பஞ்சு மில் இடத்தை ஏலக்காய் ஸ்டோர்களுக்கு ஒதுக்குவதாகச் சொன்னார். "உங்க தொழிலும் நடக்கணும், அவுக அடுப்பும் எரியணும். நடுவழின்னு ஒண்ணு இருக்குண்ணே" என்றார். எனக்கு நடுவழி தேவைப்படவில்லை. என் நிலம்தான் வேண்டியிருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வழக்கமாக மேடையில் படத்தைத் தொங்கவிடுவார்கள். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் முதலில் பேசிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மல்லிகா வரைபடத்தைத் தரையில் விரித்து, எல்லோரையும் சுற்றிலும் உட்காரச் சொன்னார். "தண்ணி கடைசியா எங்க போய்ச் சேருதோ, அங்க இருக்கிறவங்க முதல்ல பேசட்டும். மேல இருக்கிறவங்க பொறவு பேசலாம்" என்றார். இருப்பதிலேயே மேட்டில் இருந்தது என் நிலம். முழங்கால் கடுக்கக் கடுக்க மத்தியானம் வரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எழுந்தவர் பேச்சியம்மாள். ஓடைக்குக் கீழ்த்தெருக்காரர், என் தோட்டத்திலேயே காய் எடுப்பவர். "மேல மண்ணக் கொட்டுனா தண்ணிக்கு என் அடுப்படிய விட்டா வேற வழியில்ல. மொதலாளி கோவிச்சாலும் சொல்லத்தான செய்யணும்" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

என் முறை வந்தது. என் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. ஒரு வாரமாக அந்த வரைபடத்தை வீட்டில் வைத்து மூலை மூலையாக ஆராய்ந்து, பெரிய தவறு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். மேற்கே ஜீப்புத் திடல் உங்களுக்குத் தெரியும். விடியும்போது பெண்கள் தூக்குவாளியோடு அங்கே கூடுவார்கள். ஜீப்புகள் அவர்களை மலைத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடும். வரைபடத்தில் அந்தத் திடல் காலியிடம் என்று குறிக்கப்பட்டு, கடைகளுக்காக நீலம் பூசப்பட்டிருந்தது.

"கொக்குக்கு வலிக்குமான்னு கேக்குறீங்களே மேடம், இந்தப் பொம்பளைங்க நாளைக்கு எங்க நிப்பாங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண்கள் மீது எனக்கு அவ்வளவு அக்கறை அதற்கு முன்னால் வந்ததே இல்லை. மண்டபம் கொந்தளித்தது. இப்படி ஒரு தவறு வெளியே வந்தால் திட்டமே திரும்பிப் போகும், புதிதாகத் தொடங்கி முடிப்பதற்குள் ஓடையை மூடிவிடலாம் என்பது என் கணக்கு.

மல்லிகா படத்தின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்து அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேச்சியம்மாளிடம் உண்மைதானா என்று கேட்டார். பிறகு எழுந்தார். பழியை நிலம் அளந்தவர்கள் மேல் போட்டிருக்கலாம், அச்சுப் பிழை என்றிருக்கலாம். நாங்கள் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தோம்.

"தப்பு என்னோடது. அந்த எடத்துக்கு மூணு தடவ போனேன். மூணு தடவையும் ஆபீசு நேரத்துல போனேன். எல்லாரும் மல ஏறுன பொறவு போய்ப் பாத்துட்டு, காலியா இருக்குன்னு எழுதிட்டேன். எங்க தெருவ வெள்ளையா விட்டவங்க செஞ்ச அதே தப்பத்தான் நானும் செஞ்சிருக்கேன்."

சிவப்புப் பேனாவால் திடலைச் சுற்றி வட்டம் போட்டு, 'தவறு' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். என் பக்கம் திரும்பி, "காட்டுனதுக்கு நன்றிண்ணே" என்றார். திட்டத்தை ரத்து செய் என்று யாராவது கத்துவார்கள் என்று நான் காத்திருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. ஒவ்வொருவராகப் படத்தின் அருகே வந்து குனிந்தார்கள். "இங்கன ஒரு கெணறு இருக்கு தாயி." "இது சுடுகாட்டுக்குப் போற பாத, விட்டுப்போச்சு." அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தன் தவறை ஒப்புக்கொண்டவர் போட்ட மற்ற கோடுகளை ஊர் நம்பத் தொடங்கியது. நான் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல்தான். பெருமை வர நாளாயிற்று.

மறுநாள் விடியும்போது மல்லிகா ஜீப்புத் திடலில் நின்றிருந்தார். எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது அங்கே கூரையும் தண்ணீர்க் குழாயும் இருக்கின்றன. ஓடை பச்சையாகவே நின்றது. என் நிலத்தில் பழையபடி இலவ மரங்கள் காய்க்கின்றன. பஞ்சு மில் இடத்தில் ஸ்டோர்கள் வந்தன. நானும் முனகிக்கொண்டே போய் அங்கே ஒன்று கட்டினேன். தொழில் நன்றாகத்தான் நடக்கிறது.

திட்டம் ஒப்புதல் ஆவதற்குள் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. கடலோரத்தில் எங்கோ ஓர் ஊர். அவரை மாற்றச் சொல்லி மேலே ஒரு மனு போனதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பிள்ளையையும் செல்வத்தையும் சிலமலையில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். கிளம்பும் முன் என் கடைக்கு வந்தார். "திடலக் காட்டுனதுக்கு அன்னிக்குச் சரியா நன்றி சொல்லலண்ணே. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். "டீ சாப்பிடு தாயி" என்று மட்டும் சொன்னேன்.

சிலமலையில் அவருடைய இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். விளக்கேற்றிப் பஞ்சசீலம் சொன்னார்கள். பேச்சியம்மாளும் கீழ்த்தெருப் பெண்களும் அன்று மலை ஏறாமல் ஜீப்பில் வந்திருந்தார்கள். மகள் என்னிடம் வந்து, "அம்மா உங்களப் பத்தி நெறையச் சொல்லும் மாமா. போடியில நான் போட்ட படத்த ஒரு எடம் விடாமப் படிச்ச ஒரே ஆளு அவருதான்னு சொல்லும்" என்றாள். அவரைக் கவிழ்க்கத்தான் நான் அதைப் படித்தேன். அவர் அதைத் தன் வேலைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவரை மாற்றச் சொல்லிப் போன அந்த மனுவை எழுதியது நான். முதல் கையெழுத்தும் என்னுடையது. மாறுதல் அதனால்தான் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வர வேண்டும் என்றுதான் எழுதினேன். இத்தனை வருடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஊர் முன்னால் நின்று, பழியை இன்னொருவர் தலையில் போடாமல் பேச முடியும் என்று எங்கள் ஊருக்குச் செய்து காட்டிய ஒரே அதிகாரி மல்லிகா. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றுதான். செல்வம் தம்பிக்கும், அம்மா பக்கத்தில் இல்லாமல் பரீட்சை எழுதிய அந்தப் பிள்ளைக்கும், இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். நீ கடைக்கு வந்த அன்றே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் தாயி. தப்பு என்னோடது.