பஸ்ஸில் வந்த பொம்பளை

சூதாட்ட ஊரான ரீனோவில் நோரீன் பிக்ஸ்பி உட்கார்ந்து சீட்டாட மிச்சமிருந்தது ஒரே ஒரு கிளப்தான். மற்ற எல்லா இடத்திலும் அவள் முகம் தெரிந்ததுமே வாசலைக் காட்டிவிடுவார்கள். அவள் சீட்டை ஒளித்ததில்லை, யார் பையிலும் கைவிட்டதில்லை. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்து மூளையை உபயோகித்தாள், அவ்வளவுதான் குற்றம். சட்டம்கூட அதைத் திருட்டு என்று சொல்லவில்லை.

அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருஷம் அதே மேசைகளின் மறுபக்கம் நின்று சம்பளத்துக்குச் சீட்டுப் போட்டவள் அவள். கால் நரம்பு சுருண்டு நிற்க முடியாமல் போனபோது ஒரு நாற்காலி கேட்டாள். வேலையிலிருந்து நிறுத்தி, ஒரு கேக்கை வெட்டிக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நாற்காலிதானே, ஆட வருகிறவர்களுக்கு இலவசமாகவே போடுகிறார்களே என்று அவள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

விழுந்த சீட்டுகளை மனசில் எண்ணிவைக்கும் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏஸும் பத்தும் படச்சீட்டும் கட்டுக்குள் நிறைய மிச்சமிருந்தால் ஆடுகிறவருக்கு நல்லது, பந்தயத்தை ஏற்றலாம். அவை முன்னாலேயே விழுந்து தீர்ந்திருந்தால் கிளப்புக்குக் கொண்டாட்டம், கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். கஷ்டம் கணக்குப் போடுவதில் இல்லை, போடாதவளாக நடிப்பதில் இருந்தது. சாக்ரமெண்டோவிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் வரும் அசட்டு விதவையாக அவள் நடித்தாள். மடியில் தள்ளுபடிக் கூப்பன், கையில் ஜின் போலத் தெரியும் வெறும் சோடா. "ஏஸுன்னா ஒண்ணா, பதினொண்ணாம்மா?" என்று சீட்டுப் போடும் பெண்ணிடம் கேட்பாள். கேட்கும்போதெல்லாம் நாக்கு கசக்கும்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் அவள் தம்பி லோவெல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஃபாலன் என்கிற ஊரில் மாடு வளர்க்கிறவன். அன்று காலைதான் கன்றுகளை விற்றிருந்தான், பூட்ஸில் சாணிகூடக் காயவில்லை. இனி அடுத்த வருஷம் கன்று விற்கும்வரை அவன் வீட்டில் அடுப்பெரிய அந்தப் பணம்தான். கணக்குப் போட்டு ஆடுகிறவர்கள் மேசையில் சொந்தக்காரரைக் கண்டாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். லோவெலுக்கும் அது தெரியும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தான் போல. அதிர்ஷ்டமாம், அதிர்ஷ்டம். அவனைச் செவிட்டில் அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அவன் தோற்கத் தோற்க இலவச விஸ்கி வந்துகொண்டே இருந்தது. மேசைகளை மேற்பார்வை பார்க்கும் ஹார்லன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "தெம்பா ஆடுங்க தலைவரே. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த இடமே களைகட்டுது."

லோவெல் பணம் கொடுத்து வாங்கியதில் மிச்சமிருந்த பந்தய வில்லைகள் அனைத்தையும் பந்தய வட்டத்துக்குள் தள்ளினான். அந்த மேசையின் வரம்பைத் தாண்டிய தொகை அது. ஹார்லன் தாராளமாகத் தலையாட்டினான். நோரீன் கணக்கைப் பார்த்தாள். நாலு ஏஸும் போய்விட்டன, படச்சீட்டும் முக்கால்வாசி விழுந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவன் பூட்ஸை மிதித்தாள். அவன் காலை நகர்த்திக்கொண்டான். வாயைத் திறந்தால் கடைசிக் கிளப்பும் போய்விடும், பிழைப்பும் அதோடு போகும். சீட்டுப் போடும் பெண்ணின் விரல் கட்டின்மேல் வந்துவிட்டது.

"அதை எடுடா," என்றாள் நோரீன். "பெரிய சீட்டெல்லாம் போயிடுச்சு. உள்ள இருக்கறது மொத்தமும் குப்பை."

ஹார்லன் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தினான். அவளைக் குனிந்து பார்த்துச் சிரித்தான். "அம்மா, உங்க ஆட்டம் எங்களுக்குத் தாங்காதுங்க. எழுந்திருங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"ஏன், யோசிச்சு ஆடினா தப்பா? இவன் யோசிக்கவே கூடாதுன்னு ஊத்தி ஊத்திக் கொடுக்கறியே, அது தப்பில்லையா? இவன் பொண்டாட்டி புள்ளைங்க சோத்தை வழிச்சு எடுக்கறே, உனக்கு வெட்கமா இல்லை?"

ஹார்லனின் சிரிப்பு மாறவில்லை. அவன் லோவெல் பக்கம் திரும்பினான். "சார், இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" தெரியும் என்று சொன்னால் அவனும் எழுந்திருக்க வேண்டியதுதான். அது மேசையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

லோவெல் வில்லைகளைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"யாருன்னே தெரியாது. பஸ்ஸில வந்த பொம்பளை போல," என்றான். "நீ சீட்டைப் போடும்மா."

அவள் எழுந்து நடந்தாள். சீட்டு எப்படி விழுந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்தாலும் அவன் எழுந்திருக்கப் போவதில்லை.

பின்பக்கம் வண்டிகள் நிற்கும் இடத்தில் லோவெலின் பிக்கப் வண்டி நின்றது. கன்று ஏற்றி வந்த கூண்டு பின்னால் காலியாகக் கிடந்தது. மாட்டுக்காரர்கள் வழக்கப்படி சாவி வண்டிக்குள்ளேயே இருந்தது. அவன் பந்தயம் வைக்க இனி மிச்சமிருந்தது இந்த வண்டி ஒன்றுதான். அதையும் ஹார்லன் தலையாட்டி வாங்கிக்கொள்வான். நோரீன் ஏறி உட்கார்ந்து கிளப்பினாள்.

ஃபாலன் வீட்டு வாசலில் லோவெலின் மனைவி ஜோலீன் ஓடிவந்தாள். இறங்கியது நாத்தனார் மட்டும் என்று பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "அவரு எங்க அண்ணி?"

நோரீன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"பஸ்ஸில வருவான்."