ஐயாவு சொல்லாத பெயர்

முழங்கால் ஆழத்தில் வெண்ணாற்றில் நின்றுகொண்டு, ஐயாவு ஒரு பிடி நெல்பொரியைத் தண்ணீரில் விடுகிறார். "இலங்கை" என்கிறார். பொரி ஆற்றோடு போகிறது. இன்னொரு பிடி. "ஈழம்." காதைத் தண்ணீர்ப் பக்கம் சாய்க்கிறார். "சிலோன்." மறுபடியும் சாய்க்கிறார். யாரோ உள்ளேயிருந்து பதில் சொல்லப்போவது போல அவர் காத்திருக்கும் அந்த நேரத்தில், உச்சி வெயிலிலும் என் முதுகு சில்லிடுகிறது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. முதுகுக்கு அது தெரியவில்லை.

நீடாமங்கலத்துக்குக் கீழே எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஐயாவு ஏர் ஓட்டி, வரப்பு வெட்டிப் பிழைக்கிற கூலிக்காரர். ஆடி அமாவாசை அன்று மட்டும் அவருக்கு வேறு வேலை. கடல் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே மண்ணாகிப் போனவர்களைக் கூப்பிடுவது. திருவையாற்றுப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைக்க ஐயர்கள் உண்டு. சேரிக்காரன் செத்தால் படித்துறையும் இல்லை, ஐயரும் இல்லை. அதனால் இவர்களே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்கள். போனவன் அந்த நாட்டை எந்தப் பெயரால் அறிந்திருந்தானோ, அதைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவன் காதில் விழுமாம். விழுந்தால் பொரி நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி வருமாம். உடனே ஐயாவு தலைமுழுகுவார். அவர் முழுகிவிட்டால் போனவன் செத்தவன்தான். அதற்குமேல் ஊரில் பேச்சில்லை.

"பக்கத்தில் மதகு இருக்கிறது. தண்ணீர் சுழிக்கிறது. பொரி திரும்புகிறது. இதில் என்ன அதிசயம்?" என்றேன்.

விவசாயச் சங்க வேலையாக வந்துபோகும் என்னை 'ஐயா' என்று கூப்பிடக் கூடாது என்று நான் சொன்னதிலிருந்து, ஐயாவு உதட்டோரம் ஒரு சிரிப்போடு 'தோழரே' என்பார். "இருக்கும் தோழரே. சுழின்னா எல்லாருக்கும்ல திரும்பணும்? பொன்னுத்தாய் மவனுக்கு ஏன் திரும்பல?"

பொன்னுத்தாய் அவர் காலைப் பிடித்து அழுதாளாம். அவர் முழுகவில்லை. "தெரியாம முழுக மாட்டேங்க" என்பார்.

பெயர்களை ஆள் ஆளாய்க் கேட்டுச் சேர்த்திருக்கிறார். 'சரந்தீப்' கூத்தாநல்லூர் ஜவுளிக்காரர் அப்துல் ஹமீது கொடுத்தது. எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன். சிங்களத் தீவு என்பதுதான் அரபு வணிகர் வாயில் சரந்தீப் ஆயிற்று. போர்த்துகீசியர் வாயில் தேய்ந்து, வெள்ளைக்காரன் வாயில் சிலோன் ஆயிற்று. லங்கா என்றாலே தீவுதான் என்கிறார்கள். கிரேக்கர்கள் தாமிரபரணி என்று அந்தத் தீவுக்கே இருந்த பழம்பெயரைத் திரித்துத் தப்ரபேன் என்றார்கள்.

ஐயாவு மோவாயைச் சொறிந்தார். "அப்ப சிலோனும் சரந்தீப்பும் ஒண்ணுதானா? அடப்பாவமே, ஒருத்தனையே ரெண்டு தடவ எழுப்பியிருக்கேன்." தப்ரபேனை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "அந்தப் பேருக்கு யாரு எந்திரிச்சு வருவாங்கன்னு தெரியலீங்க."

கரையிறங்கியவன், கோட்டை கட்டியவன், நாட்டை ஆண்டவன் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். கொழுந்து கிள்ளியவளை ஒருவனும் கேட்கவில்லை. இங்கே சென்னை ராஜ்யம் தமிழ்நாடு ஆனபோது இனிப்பு வழங்கியவர்களில் நானும் ஒருவன். நடவுக்கூலி கேட்டவர்கள் முதுகில் விழுகிற மிராசுதார் கம்பு மட்டும் இன்னும் பழைய கம்புதான்.

ஒரே ஒரு பெயரை ஐயாவு சொல்வதில்லை. சென்ற ஆண்டு அந்த நாடு தனக்கே சூட்டிக்கொண்ட 'ஸ்ரீலங்கா'. "செத்தவனுக்கு அது தெரியாதுங்க. உசுரோட இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அவன எதுக்கு ஆத்துலேருந்து கூப்புடணும்?"

இந்த ஆடியில் அம்சம் வந்தாள். அவள் புருஷன் மருதையன் சிலோனுக்குப் போய், கடிதம் நின்று காலம் ஆகிவிட்டது. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. மிராசுதாரின் காரியக்காரர் இராஜாங்கம் விடுவதாக இல்லை. "குடிசை மருதையன் பேர்ல இருக்கு. அவன் வந்து கேக்கட்டும்" என்றுவிட்டார். மருதையன் செத்துவிட்டான் என்று ஊர் சாட்சி சொன்னால் மனை அம்சத்துக்கு. ஐயாவு முழுகினால் ஊர் சொல்லும். முழுகாவிட்டால் குடிசையைப் பிரித்துப் போட ஆள் தயாராக இருந்தது.

கரைமேல் ஊர் நின்றது. குடையோடு இராஜாங்கமும் நின்றார். ஐயாவுவின் இடுப்புத் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு அம்சம் அவருக்குப் பின்னால் தண்ணீரில் நின்றாள். நான் பக்கத்தில். இலங்கை. ஈழம். சிலோன். சரந்தீப். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "மருதையா" என்று ஒரு கூப்பாடு. பொரி போய்க்கொண்டே இருந்தது.

ஐயாவு கரையேறத் திரும்பினார். அம்சம் துண்டை விடவில்லை.

"என்னடா ஐயாவு, மாப்ள வரலியா?" இராஜாங்கம் கரையிலிருந்து சிரித்தார். "ரேடியோவுல புதுப் பேரு ஒண்ணு சொல்றானே. அதையும் சொல்லித்தான் பாரேன்."

ஐயாவு அவரைப் பார்த்தார். பிறகு அம்சத்தைப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் திரும்பி, கடைசிப் பிடிப் பொரியைத் தண்ணீரில் விட்டு, எங்களுக்கு மட்டும் கேட்கும் குரலில், "ஸ்ரீலங்கா. மருதையா" என்றார்.

அன்று மதகை அடைத்திருந்தார்கள். தண்ணீர் நேராகத்தான் ஓடியது. பொரி கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. பிறகு, கூப்பிட்டவரைத் தேடி வருவது போல, ஓட்டத்தை எதிர்த்து ஒன்றன்பின் ஒன்றாக ஐயாவுவின் முழங்காலுக்கே திரும்பி வந்தது. அதற்கு என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை. அம்சத்தின் பிடி துண்டில் இறுகியது. அவளும் பார்த்துவிட்டாள்.

கரையிலிருந்தவர்களுக்கு ஐயாவுவின் முதுகுதான் தெரிந்தது. அவர் குனிந்து, திரும்பி வந்த பொரியை ஒன்றுவிடாமல் இரண்டு கையாலும் அள்ளினார். வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு தலைமுழுகினார்.