மூலையில் தூவிய வெள்ளைப் பொடி

2006 மார்ச் 4, சனிக்கிழமை. பள்ளி கிடையாது. பழஞ்சோறு சாப்பிட்டேன், இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைத்தேன், சடை பின்னிக்கொண்டு, அப்பாவுடன் அஞ்சுகிராமம் பக்கத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. எங்கள் அய்யாவழி முறைப்படி, வயலின் வடக்கு மூலையை ஒட்டிய மேட்டில், வடக்குப் பார்த்து உட்காரவைத்து, சுற்றிலும் வெண்மண் தூவி அவரை அடக்கம் செய்திருந்தார்கள்.

நெல் அறுத்தபின் அத்தை உளுந்து விதைப்பாள். மாமா போனதிலிருந்து அந்த மூலையில் மட்டும் செடிகள் பூக்கும் முன்பே வாடிச் சாய்ந்தன. பிடுங்கினால், கறுத்து நைந்த வேர் கையோடு வந்தது. மேட்டருகே தொடங்கிய அந்தக் காய்ந்த வட்டம், இரண்டாம் ஆண்டு வீட்டுப் பக்கமாக நீண்டிருந்தது. மாமா அத்தையைக் கூப்பிடுகிறார் என்று ஊரில் பேசினார்கள். நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடும்படி அப்பா சொன்னார். இந்த முறையும் காய்ந்தால் வருவதாக அத்தை ஒப்புக்கொண்டிருந்தாள். அப்படிச் சொன்ன அப்பாதான், வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடியும் வாங்கி வந்திருந்தார்.

"அக்கா, இதுல உயிரு கெடக்கு. கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியா. வேரோட ஒட்டிக்கிட்டு, அழுக வைக்கிய பூஞ்சாணத்த அண்ட விடாது. வெயிலு பட்டா செத்துப்போவும்."

"செத்தவியள எழுப்புமாலே ஒம் பொடி?"

"கேக்க கேள்வியப் பாரு!"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறிய கஞ்சியில் பொடியைக் குழைத்து, அத்தை உளுந்தைப் புரட்டினாள். நிழலில் உலர வேண்டுமென்று, மாமா கடைசியாகப் படுத்திருந்த அறையில் பாய் விரித்துப் பரப்பினாள். கோழி வராமல் பார்க்க என்னை உட்காரவைத்தாள். உச்சிவேளை. ஒவ்வொரு உளுந்திலும் இருக்கும் சிறு வெள்ளைக் கண், பொடிக்குள் மூடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. பாயிலிருந்து மெல்லிய சரசரப்பு வந்தது. நான் கால்களை மடக்கிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும், மீதிப் பொடியை மக்கிய எருவில் கலந்து மூலைக்கு எடுத்துப் போனார்கள். அத்தை மேட்டைச் சுற்றிக் குனிந்து தூவினாள், அடக்கத்தன்று தூவியதைப் போலவே. பிறகு உள்ளங்கையை மண்ணில் அழுத்தி, "பாத்துக்கிடுங்கோ" என்றாள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆண்டு மூலை காயவில்லை. அத்தை இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் எனக்குச் செடிகள் நினைவில் இல்லை. பொடி தூவிய மறுநாள் காலைதான் இருக்கிறது.

விடிந்ததும் முதல் வேலையாக, மாமாவின் தலைப்பாகைத் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போய் மேட்டின்மேல் வைத்தேன். அது இல்லாமல் அவர் வெளியே இறங்கமாட்டார். எழுந்து வந்தால் தேடுவார்.

விதைப்பெட்டியோடு வந்த அத்தை அதைப் பார்த்து நின்றாள்.

"நீயா மக்கா கொண்டாந்த?"

தலையாட்டினேன். அவள் துண்டை உதறி, மாமா கட்டுவதைப் போலவே தலையில் இறுக்கிக் கட்டினாள். மூலையில் இறங்கி முதல் பிடி உளுந்தை வீசினாள். பனிக்குள் முதுகு காட்டி நடந்துபோன அந்த உருவத்தைப் பார்த்து, பொடி வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.