சிவப்பைக் குறைத்த சித்தி

“இதைக் கறுப்பு வெள்ளையா மாத்திக் குடு” என்று அம்மா பென் டிரைவை மேசைமேல் வைத்தாள்.

சித்தி அதைத் தொடவில்லை. “எதுக்கு? கல்யாணம் கலர்லதான நடந்துச்சு?”

“இப்ப அதான் ஃபேஷன்.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாரு, நீ ஒருத்திதான?”

ஸ்டுடியோவின் பின்னறையில் ஒரே ஒரு நாற்காலிதான். அதில் சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் நானும் படம் வெட்டும் மேசையில் சாய்ந்து நின்றோம். அம்மா பேச்சை வளர்க்காமல் தன் கைபேசியை நீட்டினாள். வீட்டிலேயே ஒரு முறை மாற்றிப் பார்த்திருந்தாள். ஒரே அழுத்தில் நிறத்தை எல்லாம் உறிஞ்சியெடுத்ததில், அக்காவின் சிவப்புக் கல்யாண உடையும் பின்னால் தொங்கிய பச்சைத் திரையும் ஒரே சாம்பலாகிவிட்டிருந்தன.

சித்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். “கல்யாணப் பொண்ணையே காணோமே அக்கா. தலையும் ரெண்டு கையும் மட்டும் அந்தரத்துல தொங்குது. மாப்பிள்ளை யாரைக் கட்டினாரு, திரைச்சீலையையா?”

“அதனாலதான் உன்கிட்ட வந்தேன். உன்னை விட்டா யாரு ஒழுங்காச் செய்வா?”

“என் முகத்துக்காகத்தான?”

அம்மா, கேள்வியை நான்தான் கேட்டதுபோல என் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இவளுக்கு இன்னும் கல்யாணம் முடியல. பாக்க நாலு பேர் வருவாங்க. கூடத்துல பெருசா மாட்டப்போற படம் அது. நான் உன்னைப் படத்தைவிட்டே எடுன்னா சொன்னேன்? கொஞ்சம் தெரியாம இருந்தாப் போதும்.”

“ஏய், நீ என்ன சொல்ற?” என்று சித்தி என்னைக் கேட்டாள்.

நான் சுவரைப் பார்த்தேன்.

“ரெண்டு பாஷையில படிக்க வச்சாங்க. ஒண்ணுலயும் வாயைத் தெறக்க மாட்டேங்குறா” என்றபடி சித்தி பென் டிரைவை எடுத்துச் சொருகினாள். “சரி, போயிட்டு வாங்க. கறுப்பு வெள்ளையாவே தரேன்.”

சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. பத்தொன்பது வயதில் அவள் உதட்டோரத்தில் கடுகளவு வெண்திட்டு ஒன்று வந்தது. பிறகு இடது கண்ணைச் சுற்றி, கழுத்தில், விரல்களில் என்று பரவியது. நல்ல கறுப்பு நிறம் அவளுக்கு. அதனால் ஒவ்வொரு திட்டும் தூரத்திலிருந்தே தெரியும். இதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அவள் சொன்ன களிம்பு ஒன்று கழுத்தைப் பொசுக்கியபோது, வீட்டிலிருந்த எல்லாக் களிம்புகளையும் சித்தி ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டாள். “வெந்தது நான். நாறினதும் நான். இனி யாருக்காவது ஆசை இருந்தா அவங்கவங்க கழுத்துல பூசிக்கட்டும்” என்றாளாம்.

கல்லூரியில் அவளுக்கு ‘வரிக்குதிரை’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது, அதன் கடவுச்சொல்லாக அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். அவள் விடுப்பில் இருக்கும் நாளில் முதலாளியே ‘வரிக்குதிரை’ என்று தட்டித்தான் உள்ளே போகவேண்டும்.

வாடிக்கையாளர்கள் சிலர் கல்லாவுக்கு அந்தப் பக்கமே நின்று, “ஒட்டிக்குமா?” என்று இழுப்பார்கள்.

“ஒட்டாதுங்க” என்பாள் சித்தி. “ஒட்டுற சாமானா இருந்தா முதல்ல எங்க முதலாளி மேலதான் ஒட்டி விட்டிருப்பேன்.”

வெளியாட்களிடம் இப்படி வாயாடுகிறவளை வீட்டில்தான் வேறு மாதிரி அடக்கினார்கள். பிறந்தநாளோ புதுமனையோ, எந்த விசேஷமாக இருந்தாலும், “நீதான் வேலை தெரிஞ்சவ” என்று கேமராவை அவள் கையில் கொடுத்துவிடுவார்கள். படம் எடுக்கிறவர் படத்தில் இருக்கமாட்டார் அல்லவா. யாரும் யாரையும் ஒரு சொல் புண்படப் பேசவில்லை. ஆனால் எங்கள் ஆல்பங்களைப் புரட்டினால் அம்மாவுக்குத் தங்கை இருப்பதே தெரியாது. ஒரே ஒரு படத்தில், நான் கேக் வெட்டுகிற படத்தில், தரையில் அவளுடைய நிழல் விழுந்திருக்கிறது.

அக்காவின் கல்யாணத்திலும் அம்மா கேமராவைக் கொடுத்தாள். இரு வீட்டாரும் சேர்ந்து குடும்பப் படம் எடுக்கும் நேரம் வந்தது. சித்தி கேமராவை ஒரு நாற்காலியில் வைத்தாள். “கூலிக்கு ஆள் வந்திருக்காரு இல்ல? அவர் எடுக்கட்டும்” என்று மேடையேறி, அக்காவுக்கு இடப்பக்கம் நின்றுகொண்டாள். அக்கா அவள் கையைக் கோத்துக்கொண்டாள். அந்த ஒரு படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் ஓரக்கண்ணால் சித்தியைப் பார்க்கிறாள்.

அந்தப் படம்தான் இப்போது சித்தியின் திரையில் இருந்தது.

மறுநாள் அலுவலகம் முடிந்து நான் தனியாக ஸ்டுடியோவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று அவள் கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். திரையின் வலது ஓரத்தில் நிறத்துக்கு ஒன்றாகச் சில கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு குமிழ். குமிழை வலப்பக்கம் இழுத்தால் அந்த நிறம் இருந்த இடம் வெளுக்கும்; இடப்பக்கம் இழுத்தால் கறுக்கும். அவள் முதலில் பச்சையை வலப்பக்கம் இழுத்தாள். திரைச்சீலை வெளுத்துப் பின்வாங்கியது. அக்கா உடையோடு முழுசாக முன்னால் வந்து நின்றாள்.

“கல்யாணப் பொண்ணு கெடச்சாச்சு” என்றாள். “இப்பப் பாரு, உங்கம்மாவுக்கு வேண்டியது.”

சிவப்பையும் மஞ்சளையும் வலப்பக்கம் தள்ளினாள். நம் தோலில் அந்த இரண்டும்தான் அதிகமாம். சித்தியின் கன்னம் வெளுத்தது, கழுத்து வெளுத்தது. வெண்திட்டுகளும் சுற்றியிருந்த தோலும் ஒன்றாகிவிட்டன. கண்ணைச் சுற்றி ஒன்றுமே இல்லை. நான் இதுவரை பார்த்திராத ஒரு பெண் அங்கே நின்றாள்.

அழகாகத்தான் இருந்தாள். அதை என் முகத்தில் சித்தி பார்த்துவிட்டாள்.

“நல்லா இருக்கா இல்ல? இருக்கட்டும். அப்படியே மத்தவங்களையும் பாரு.”

பார்த்தேன். அப்பாவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. மாப்பிள்ளையின் மூக்கு நுனி காணாமல் போயிருந்தது. அக்காவின் கன்னக்குழி இல்லை. அம்மாவின் நெற்றியில் வாழ்நாளெல்லாம் கிடந்த கோடுகள் ஒன்றுகூட இல்லை.

“என் ஒருத்திய மறைக்க இத்தனை பேரையும் வெளுக்கணும்” என்றாள் சித்தி. “என் முகத்தை மட்டும் தனியா வெட்டியெடுத்தும் வெளுக்கலாம். கைக்கு வரும். அதைச் செய்ய என்னை நானே யாரோன்னு நெனச்சுக்கணும். இவங்க எத்தனை வருஷமா நெனைக்கிறாங்க, அது போதும்.”

பிறகு சிவப்புக் குமிழைப் பிடித்து நிதானமாக இடப்பக்கம் கொண்டுவந்தாள். முகங்கள் திரும்பி வந்தன. அப்பா அப்பாவானார். சித்தியின் தோல் ஆழ்ந்த கறுப்பாக இறங்க, திட்டுகள் ஒவ்வொன்றும் கரை தெளிந்து எழுந்து நின்றன. கலர் படத்தில்கூட அத்தனை தெளிவு இல்லை.

“சித்தி, இது ரொம்பத் தெரியுதே.”

“ஆமா. மறைச்சு வைக்கணும்னு கொண்டுவந்த படம் இல்லையா, அதான் கொஞ்சம் கூடவே தெரியட்டும்னு.” மவுஸை அம்மாவின் முகத்துக்கு நகர்த்தினாள். “இந்த ஓரக்கண்ணையும் நேராக்கலாம். வேணாம். என்னைப் பாத்தது பாத்ததுதான்.”

பெரிய அளவில் அச்சடித்து, ஃபிரேம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா தாளைப் பிரித்தாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதை எப்படிடி மாட்டுறது?”

“ஆணி அடிச்சுத்தான்.”

“விளையாடாத. நான் உன்கிட்ட என்ன கேட்டேன்?”

“கேட்டதைக் குடுத்தேன். கேக்க வாய் வராம விழுங்கினதைத்தான் குடுக்கல.”

“இவளைப் பாக்க வர்றவங்க முதல்ல சுவரைத்தான் பாப்பாங்க. பரம்பரையா வருமோன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

“தங்கச்சின்னு சொல்லு. சுவரைப் பாத்ததுக்கே ஓடுறவன் வீட்டுல இவ எத்தனை நாள் குப்பை கொட்டுவா? இப்பவே ஓடட்டும், வண்டிச் செலவு மிச்சம்.”

“மாட்டலாம்மா” என்றேன் நான்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் என் ஒரு சொல்லுக்கு அம்மா இறங்கிவிடவில்லை. சித்தி போனதும் படத்தை அலமாரிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தாள். அன்று என்னோடும் பேசவில்லை.

சித்தி இரண்டு பிரதி போட்டிருந்தது அம்மாவுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அக்காவைப் பார்க்க அவளுடைய மாமியார் வீட்டுக்குப் போனோம். வாசலைத் தாண்டியதும் எதிர்ச் சுவரில் அதே படம். அம்மா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

“இவங்க உங்க தங்கச்சிதான?” என்று அவர் கேட்டார். “உங்க பொண்ணு சொன்னா. அவ சொல்லியிருக்க வேண்டியதே இல்ல, அப்படியே உங்க மூக்கு. என் வீட்டுக்காரரை நல்லாப் பாருங்க, இந்தப் படத்துலதான் மனுஷன் மனுஷனா இருக்காரு. மத்த படத்துல எல்லாம் மாவுல பொரட்டி எடுத்த மாதிரி.”

அம்மா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, “ஆணி எங்க இருக்கு?” என்று அப்பாவைக் கேட்டாள். சித்தியிடம் இதைப் பற்றி அவள் இன்றுவரை பேசியதில்லை. சித்தியும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது சுவரைப் பார்த்தாள். படம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

இவ்வளவோடு அவள் நின்றிருந்தால் அவள் எங்கள் சித்தி அல்ல. கடை வாசலில் மாதிரிப் படங்கள் வைக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. அதிலுள்ள முகங்களில் பாதியை முதலாளி சொல்லச் சொல்ல வெளுத்தவள் அவள்தான். அதில் புதிதாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வைக்கப்போவதாகச் சொன்னாளாம்.

“யார் முகம்?” என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

“என் முகம்.”

“வர்ற ஆளுங்க பயந்து எதிர்க் கடைக்குப் போயிடுவாங்கம்மா.”

“போகட்டும் சார். அந்தக் கடைக்காரர் அவங்க படத்தைச் சரிபண்ண என்கிட்டதான் அனுப்புவாரு.”

அது உண்மை என்பது முதலாளிக்கும் தெரியும். “ஒரு வாரம்தான்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் என் அலுவலகத்துக்குப் போன் வந்தது. விஷயத்தை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சித்தி குரலைத் தணித்தாள். அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பெற்றதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல கடைக்கு வர முடியுமா? லைட்டெல்லாம் நான் வச்சுடுறேன். டைமர் போட்டு எடுக்கலாம்தான், ஆனா ஓடிவந்து நிக்கணும். என் படத்துக்கு நான் ஓடிவந்து நிக்க மாட்டேன். முதலாளி எடுத்தா தாடையத் தூக்கு, இந்தப் பக்கம் திரும்புன்னு நல்ல பக்கமாத் தேடுவாரு. நீ வந்து எடு. நேரா எடு. நான் எப்படி நிக்கிறேனோ அப்படியே எடு. சிரிக்க மட்டும் சொல்லிடாத.”