வீட்டிலேயே இருந்து பழகியவர்

ஊரிகத்தில் காலைச் சங்கு ஊதினால் ஆண்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். நான் போர்வையை மடிப்பேன். எங்கள் பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியாது. ஆனால் தெருவே தொப்பி மாட்டிக்கொண்டு தங்கச் சுரங்கத்துக்குப் போகும்போது, நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை ஒருவன் கைலியோடு வாசலில் நின்று பல் தேய்த்தபடி எல்லோரையும் வழியனுப்பிவைப்பது எப்படிப்பட்ட காட்சி என்று எனக்குத்தான் தெரியும். என் மனைவி சாந்தி இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் தொண்ணூற்றேழில் கர்நாடகத்துக்கு வந்தோம். ஏழரைக்குத் தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் பள்ளிப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். முன்பு வேலை பார்த்த திருநெல்வேலி அச்சகமே கட்டுக்கட்டாகத் தாள்களைத் தபாலில் அனுப்பும். திருத்தித் திருப்பி அனுப்புவேன். கட்டிலிலிருந்து பதினோரு எட்டு வைத்தால் மேஜை. நான் வேலைக்குப் போய்வரும் தூரம் அவ்வளவுதான்.

ஊரில் இருந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு சைக்கிள் மிதித்துப் பாலம் தாண்டிப் போவேன். அச்சகம் இரண்டாவது மாடியில். டீக்கு நான்கு முறை இறங்க வேண்டும், முதலாளி கூப்பிட்டால் ஏற வேண்டும். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை, பிழைப்பு என்றுதான் சொன்னார்கள். இங்கே என்னைக் கூப்பிட யாருமில்லை. பசித்தால் ஏழே எட்டு வைத்தால் சமையலறை. அதனால் அடிக்கடி பசித்தது.

இரண்டே வருடத்தில் பேன்ட் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன. மூன்றாம் வருடம் டாக்டர் சர்க்கரை என்றார். "தினம் ஒரு மணி நேரம் நடங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, நான் நடக்கப்போவதில்லை என்பதை ஆங்கிலத்தில் சாந்தியிடம் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்தது. உற்சாகம் தானாக வராது, ஏமாற்றித்தான் வரவழைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டேன். ஒன்பது மணிக்கு பேன்ட், சட்டை, ஷூ எல்லாம் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு 'வேலைக்குக்' கிளம்பி, தெருவைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மேஜையில் உட்காருவது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு செல்வராஜ் பார்த்துவிட்டார். அவர் நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. என் வயதுதான் இருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், எதுனா மறந்துட்டீங்களா?"

"இல்ல. ஆபீஸ் வந்துட்டேன்."

அவர் என் வீட்டைப் பார்த்தார். என் ஷூவைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனது அவருடைய பெருந்தன்மை.

பால் ஊற்றும் அம்மாவிடம் அந்தப் பெருந்தன்மை கிடையாது. பேத்தமங்களா பக்கத்திலிருந்து வருகிறவர், கன்னடம்தான் பேசுவார். "கெல்ஸா இல்வா?" என்று தினமும் கேட்பார். வேலை இல்லையா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த கன்னடத்தையெல்லாம் திரட்டி, "மனே கெல்ஸா" என்றேன். வீட்டிலிருந்து வேலை என்று சொன்னதாக நினைப்பு. 'வீட்டு வேலை' என்று சொல்லியிருக்கிறேன். இன்ஜினியரம்மா புருஷனைப் பாத்திரம் தேய்க்கவைத்திருக்கிறாள் என்ற செய்தி மறுநாளே ரயில்வே கேட் வரை போய்விட்டது. "தேய்ச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் சாந்தி.

சரி, நிஜமாகவே நடப்போம் என்று கிளம்பினால் ஊர் விடவில்லை. காரணமில்லாமல் நடப்பவன் இங்கே சந்தேகத்துக்குரியவன், அல்லது பரிதாபத்துக்குரியவன். மொபெட்டை நிறுத்தி, "ஏறுங்க சார், வுட்டுட்றேன்" என்பார்கள். வேண்டாம் என்றால் மனம் புண்படும். ஏறிக்கொள்வேன். ஒரு வாரத்தில் நான் நடந்ததைவிட சவாரி செய்த தூரம் அதிகம். அத்தோடு நடையை விட்டேன். டாக்டர் மருந்தை ஏற்றினார்.

இந்த வருடம் சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றது. முதல் வாரம் தெருவில் ஆண்கள் கும்பல் கும்பலாக நின்று பேசினார்கள். அடுத்த வாரம் குரல் தாழ்ந்தது. பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான்கு வருடம் தனியாக அனுபவித்துவந்த என் பதவிக்குத் தெருவெல்லாம் ஆள் வந்துவிட்டதே என்று ஒரு வேடிக்கை தோன்றியது. அதைச் சாந்தியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

ஒருநாள் காலையில் செல்வராஜின் மனைவி எஸ்தர் வந்து வாசலிலேயே நின்றார்.

"சார், அவரு எழுந்திருக்கவே மாட்டேன்றாரு. மூஞ்சி செரைச்சு ஒரு மாசமாவுது. செவுத்தப் பாத்துக்கினே படுத்துங்கீறாரு. நீங்க வூட்லயே இருந்து பழகினவரு. கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்."

என் வாழ்நாளில் என் தகுதியை மதித்து ஒருவர் கேட்ட முதல் உதவி அதுதான். கிண்டல் இல்லை, அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பதினோரு எட்டு மட்டுமே என்று எப்படிச் சொல்வது?

செல்வராஜ் பாயில் கிடந்தார். நடக்கலாம் வாங்க என்றேன்.

"எங்க?"

"சும்மாதான்."

"சும்மா இன்னாத்துக்கு சார்? சும்மா இங்கயே கீறேனே."

திரும்பி வந்தேன். மறுநாள் புத்தியோடு போனேன். "ராபர்ட்சன்பேட்டை தபால் ஆபீஸுக்கு ஒரு கட்டு கொண்டுபோகணும். கனமா இருக்கு. எனக்கு மூச்சு வாங்குது. ஒரு கை குடுப்பீங்களா?" கை என்றதும் எழுந்துவிட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டார். அச்சகத்துக்கு வேலை முடித்து அனுப்பிய பிறகு மிஞ்சின பழைய தாள்கள் அதில் இருந்தன. அன்றிலிருந்து தபால் ஆபீஸ் வாசலில் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். ஒரு கார்டு வாங்கிக்கொண்டு அதே பையோடு வெளியே வந்து, "இன்னைக்குக் கட்டு போகாதாம், நாளைக்கு வரச் சொல்றாங்க" என்பேன். இப்படி ஒரு தபால் ஆபீஸை ஊரே கரித்துக்கொட்டும் அளவுக்குப் பொய் சொன்னேன். செல்வராஜ் பையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொள்வார். தினமும் போய்வர ஒன்றேகால் மணி நேரம். வழியில் சுரங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பூமிக்குள் இறங்கும்போது காது அடைப்பது, முட்டுக்கொடுத்த மரம் உடையும் முன் முனகுவது. மொபெட்காரர்களும் எங்களை ஏறச் சொல்லவில்லை. பையோடு இரண்டு பேர் போனால் அது வேலை.

மூன்றாவது வாரம், பாதி வழியில், "சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றார். "இது பழைய பேப்பர்தான?"

நின்றுவிட்டேன். "எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளே. கட்டு அவுந்து கீழ வுழுந்துச்சே, காக்கா கதைப் பாடத்து மேல போன வருசத் தேதி போட்டிருந்துச்சு."

"பிறகு ஏன் சுமந்துட்டு வந்திய?" பதட்டத்தில் என் வாயில் நெல்லைத் தமிழ் வந்துவிட்டது.

"டாக்டர் நடக்கச் சொல்லிக்கீறாராம், ஒரு மனுசன் அதுக்கு இன்னா பாடு படறாருன்னு எஸ்தரு சொல்லுச்சு. நான் வரலன்னா நீங்க வூட்டுக்குள்ளயே குந்திப்பீங்க. பாவமாச்சேன்னு வந்தேன் சார்."

நடுரோட்டில் நின்று இருவரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு அவர் சட்டென்று முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் ரோட்டோரக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் பை இல்லாமல் நடந்தோம்.

இப்போது செல்வராஜுக்கு பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. விடியற்காலை ரயிலில் போகிறார். "அங்க ஓடறதுக்கு மெஷின் வெச்சிக்கீறாங்க சார். ஓடறாங்க, ஓடறாங்க, அங்கயேதான் கீறாங்க. உங்க மாதிரி ஆளுங்கதான் எல்லாம்" என்று வந்து சொன்னார். என் சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் அதை மாத்திரையின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

தினமும் ஊரிகம் ஸ்டேஷன் வரை அவரோடு நடந்து போகிறேன். ரயில் வரும் வரை நிற்பதை அவர் விரும்பவில்லை. "நான் இன்னா துபாய்க்கா போறேன்? போங்க சார், வேலை கீதுல்ல" என்று அனுப்பிவிடுவார். நான் திரும்பி நடக்கும்போது, சாப்பாட்டுத் தூக்கோடு ஊர் முழுக்க எதிரே ஓடிவருகிறது. இங்கேயே பிறந்தவர்கள். பூமிக்கடியில் மைல் கணக்கில் இந்த ஊரைத் தெரிந்தவர்கள். அவர்கள் வெளியூருக்கு ஓடுகிறார்கள். வெளியூர்க்காரன் நான் அவர்களுக்கு எதிர்த்திசையில், அவர்கள் ஊருக்குள், ஓரமாக ஒதுங்கி நடந்து போகிறேன். தினமும் யாராவது ஒருவர் ஓடுகிற ஓட்டத்தில் என் தோளைத் தட்டிச் சொல்கிறார்: "சார், அந்தப் பக்கம் இன்னாத்துக்குப் போறீங்க? ட்ரெயின் இந்தப் பக்கம்!"